மேடைக்கு முந்தின நாள்: திருமதி அழகிப் போட்டிக்குக் கிளம்பும் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இரண்டு வருடம் முன்பு, 38 வயதில், திருச்சியிலிருந்து கிளம்பிப் போய் ஜெய்ப்பூரில் ஓர் ஓட்டலில் நடந்த திருமணமான பெண்களுக்கான அழகிப் போட்டியில் கலந்துகொண்டேன். பட்டம் வாங்கவில்லை. கடைசி 15 பேரில் ஒருத்தியாக வந்தேன். நான் வீட்டில் கெமிஸ்ட்ரி டியூஷன் எடுப்பவள். மாடலிங்குக்கும் எனக்கும் அதற்கு முன் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. போய் வந்ததிலிருந்து தோழிகள், தோழிகளின் நாத்தனார்கள், டியூஷன் பிள்ளைகளின் அம்மாக்கள் என்று யாராவது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன். பயத்தைப் பற்றித்தான் எல்லோரும் அதிகம் கேட்டார்கள், அதனால் அந்தப் பதில்தான் நீளம்.

திருமணமானவர்களுக்கு என்று தனிப் போட்டி எதற்கு? மிஸ் போட்டிகளில் சேர முடியாதா?

ரொம்ப காலம் சேர முடியாது. மிஸ் யுனிவர்ஸ் 2023 போட்டியிலிருந்துதான் மணமானவர்களையும் தாய்மார்களையும் சேர்த்துக்கொண்டது. 28 வயது என்ற வரம்பை 2024 போட்டியிலிருந்து எடுத்தது. அதற்கு முன்பு எவ்வளவு கறாராக இருந்தார்கள் என்பதற்கு ஓர் உதாரணம்: 2018-ல் மிஸ் உக்ரைன் பட்டம் வாங்கிய வெரோனிகா டிடுசென்கோவுக்கு மணமுறிவு ஆனதும் ஒரு குழந்தை இருப்பதும் தெரிந்ததும், சில நாட்களிலேயே கிரீடத்தைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். மிஸ் உக்ரைன் ஜெயித்தவர் அடுத்துப் போவது மிஸ் வேர்ல்டு போட்டிக்கு, அதில் தாய்மார்களுக்கு இடம் கிடையாது என்பது அப்போதைய விதி. அவர் அதை எதிர்த்து வழக்குப் போட்டார்.

திருமதி போட்டிகள் இந்தக் கதவுக்கு வெளியே வளர்ந்தவை. அமெரிக்காவில் மிஸஸ் அமெரிக்கா 1938-லேயே தொடங்கிவிட்டது. 1950-களில் அங்கே சமையல், இஸ்திரி, படுக்கை விரிப்பு எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டார்களாம். (அந்த விதி இன்றும் இருந்தால் எங்கள் மாமியார் 70 வயதில் கிரீடத்தோடு உட்கார்ந்திருப்பார்.) 1984-ல் உலக அளவிலான மிஸஸ் வேர்ல்டு வந்தது. அதன் முதல் கிரீடம் நம் பக்கத்து நாட்டுக்குத்தான் போனது. இலங்கையின் ரோஸி சேனாநாயக்க வாங்கினார். அவர் பிறகு அரசியலுக்கு வந்து, 2018-ல் கொழும்பு மாநகரின் முதல் பெண் மேயரானார். இந்தியாவுக்கு 2001-ல் அதிதி கோவித்ரிகர் வாங்கித் தந்தார், அவர் படித்தது டாக்டருக்கு. அப்புறம் 21 வருடம் காத்திருந்து, 2022 டிசம்பரில் லாஸ் வேகஸில் சர்கம் கௌஷல் வாங்கினார். ஜம்முக்காரர், விசாகப்பட்டினத்தில் ஆசிரியையாக இருந்தவர், கணவர் கடற்படையில். இந்த விவரங்களை நான் என் வீட்டில் சம்மதம் வாங்கப் பயன்படுத்திக்கொண்டேன். நீங்களும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அங்கே போய் இறங்கியதும் எப்படி இருக்கும்?

மேடையில் நடப்பதை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்கு மேடை அவ்வளவு பயமாக இல்லை. ஓட்டல் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கிய அந்த இரண்டு நிமிடம்தான் உயிர் போனது.

மத்தியானம் மூன்று மணி. இரண்டு பெரிய பெட்டி, ஒரு கவுன் பை, தோளில் ஒரு ஜோல்னா. காலை நாலு மணிக்குத் திருச்சியில் வைத்துக்கொண்ட மல்லிகை அதற்குள் பழுப்பாகிப்போய் ஜடையில் தொங்கிக்கொண்டிருந்தது. வரவேற்பறைக் கண்ணாடிக் கதவைத் தள்ளினால், உள்ளே இருபது முப்பது பெண்கள். எல்லோரும் என்னைவிட அரை அடி உயரம். எல்லோர் தலைமுடியும் நேராக்கி, மினுமினுவென்று. ஒருவரையொருவர் ஏற்கெனவே தெரிந்தவர்கள் மாதிரி கட்டிப்பிடித்துச் சிரிக்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், இந்தியும் ஆங்கிலமுமாகப் பேச்சு. ஓட்டல் பையன் என்னைப் பார்த்து, கல்யாணத்துக்கு வந்தவர்கள் பின்பக்க மண்டபத்துக்குப் போக வேண்டும் என்று வழிகாட்டினான். அவன் மேல் தப்பில்லை. நான் அப்படித்தான் இருந்தேன்.

நேராகக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். திரும்பிப் போவதற்கு அன்று இரவு விமானம் இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். வீட்டுக்காரருக்கு போன் போட்டு, “எனக்கு இது வேணாம்ங்க, வந்துடறேன்” என்றேன். அவர் பதறவும் இல்லை, தைரியம் சொல்லவும் இல்லை. “ரூம் காசு கட்டியாச்சுல்ல? ஏசியப் போட்டு நல்லா ஒரு தூக்கம் போடு. வர்றதா இருந்தா நாளைக்கு வா” என்றார். அந்த நேரத்தில் கோபம் கோபமாக வந்தது.

வெளியே வந்து பதிவு மேசையில் வரிசையில் நின்றேன். ஆதார், திருமணச் சான்றிதழ் நகல், டாக்டர் கொடுத்த உடல்தகுதிச் சான்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அடையாள அட்டையும் ஒரு சாஷும் கொடுத்தார்கள். சாஷ் என்பது தோளிலிருந்து குறுக்காகப் போடுகிற பட்டை. பிரித்துப் பார்த்தால் அதில் என் ஊர்ப் பெயர் ‘திரிச்சி’ என்று அச்சாகியிருக்கிறது. அதுவரை வாயே திறக்காதவள், “மேடம், இது தப்பு” என்று ஆரம்பித்தேன். அவர்கள் சரிதானே என்கிறார்கள், நான் எழுதிக் காட்டுகிறேன். பக்கத்தில் குவாஹாட்டியிலிருந்து வந்த ஒரு பெண்ணும் தன் சாஷைத் தூக்கிக்கொண்டு நின்றார். அவருக்கும் எழுத்துப் பிழை. இரண்டு பேரும் சேர்ந்து சண்டை போட்டோம். கால்மணி நேரம் கழித்துத்தான் என் கை நடுங்கவில்லை என்பதைக் கவனித்தேன். சாஷைக் கடைசிவரை மாற்றிக் கொடுக்கவில்லை, அது வேறு கதை. அந்தக் குவாஹாட்டிப் பெண்தான் என் அறைத்தோழி என்பது சாவி வாங்கும்போது தெரிந்தது.

அந்த இருபது முப்பது பேரும் அப்படியொன்றும் பழைய சிநேகிதிகள் இல்லை என்பது இரவுச் சாப்பாட்டில் தெரிந்தது. அரைமணி நேரம் முன்பு அறிமுகமானவர்களாம். பயத்தில் சிலர் கழிப்பறையில் போய் உட்காருகிறோம், சிலர் சத்தமாகச் சிரித்துக்கொண்டு செல்ஃபி எடுக்கிறார்கள். உயரத்தில் பாதி ஹீல்ஸ்.

அந்தப் படபடப்பு போக என்ன வழி?

முழுதாகப் போகாது. கெமிஸ்ட்ரி டீச்சராகச் சொல்கிறேன், அது அட்ரினலின் வேலை. நாடி வேகமாகும், ரத்தம் பெரிய தசைகளின் பக்கம் திரும்புவதால் விரல்கள் ஜில்லிட்டுப்போகும், உமிழ்நீர் குறைந்து வாய் வறளும். எதிரே வருவது புலியா நடுவரா என்று உடம்பு பிரித்துப் பார்க்காது.

எனக்கு உதவியவை சின்னச் சின்ன விஷயங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டுங்கள். நாலு எண்ணி இழுத்து, ஏழெட்டு எண்ணி விட்டால் நாடி இறங்கும். போட்டி நாளில் காபியைப் பாதியாகக் குறைத்தேன் (எங்கள் வீட்டுக் கும்பகோணம் டிகாக்‌ஷனுக்குப் பழகியவளுக்கு இது பெரிய தியாகம்). ஓட்டலுக்குப் போன அன்று மாலையே, யாரும் இல்லாத நேரத்தில் மேடை இருக்கும் கூடத்துக்குப் போய்ப் பாருங்கள். எந்தப் பக்கம் ஏறுவது, எத்தனை படி, தரை வழுக்குகிறதா, கம்பளமா, விளக்கு கண்ணில் அடிக்குமா என்று தெரிந்துகொள்ளுங்கள். நான் படியை எண்ணிவைத்தேன். ஐந்து. மறுநாள் விளக்கில் கண் கூசி ஒன்றும் தெரியாதபோது, கால் அந்த ஐந்தையும் தானாக ஏறியது.

அப்புறம், அறிமுகச் சுற்றில் சொல்ல வேண்டிய முதல் வரியை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். முழுவதையும் மனப்பாடம் செய்தால் நடுவில் ஒரு சொல் நழுவியதும் மொத்தமும் போய்விடும். பிள்ளைகள் சமன்பாட்டை மனப்பாடம் செய்துவிட்டுப் பரீட்சையில் முழிப்பதைப் பதினைந்து வருடமாகப் பார்க்கிறேன்.

தாலி, மெட்டியைக் கழற்றச் சொல்வார்களா?

வடக்கே யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நம் ஊரில் கேட்காத ஆளே இல்லை.

நான் போன போட்டியில் கழற்றச் சொல்லவில்லை. ஆனால் பிரச்சினை வேறு விதத்தில் வரும். கழுத்து இறங்கிய கவுனுக்கு மேல் ஒன்பது பவுன் தாலிக்கொடி தெரிந்தால் அது தனியாக நிற்கும். மைக்கை ரவிக்கையிலோ கவுனிலோ குத்தினால் சங்கிலி உரசி கரகரவென்று சத்தம் வரும், இது ஒத்திகையில்தான் தெரிந்தது. என்னோடு வந்த ஆந்திரப் பெண் ஒருவர் தாலியை மெல்லிய சங்கிலியில் கோத்துக் கவுனுக்கு உள்ளே நீளமாக விட்டுக்கொண்டார். இன்னொருவர் கழற்றிக் கைப்பையில் மஞ்சள் துணியில் முடிந்துவைத்தார். நான் சேலைச் சுற்றில் போட்டுக்கொண்டேன், கவுன் சுற்றில் கழற்றி அறையின் லாக்கரில் வைத்துவிட்டுப் போனேன். என் அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

இதில் சரி தப்பு சொல்ல நான் யார். ஆனால் ஒன்று, இதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வாருங்கள். மேடைக்குப் பின்னால், பெயர் கூப்பிட இரண்டு நிமிடம் இருக்கும்போது, தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண் அழுததை நான் பார்த்தேன். மெட்டி தொல்லை செய்யாது, முன்பக்கம் மூடிய ஹீல்ஸ் போட்டால் மட்டும் விரலை அழுத்தும்.

பிரிந்து வாழ்பவர்கள், விவாகரத்தானவர்கள், கணவரை இழந்தவர்கள் சேரலாமா?

போட்டிக்குப் போட்டி வேறு. நம் நாட்டில் சில போட்டிகள் மூவரையும் சேர்த்துக்கொள்கின்றன. சில, திருமணச் சான்றிதழோடு சேர்த்து ‘இப்போது மணவாழ்வில் இருக்கிறேன்’ என்று எழுதி வாங்குகின்றன. பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், 2021 ஏப்ரலில் கொழும்பு நெலும் பொக்குண அரங்கில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். மிஸஸ் ஸ்ரீலங்காவாக புஷ்பிகா டி சில்வாவை அறிவித்துக் கிரீடம் வைத்தாகிவிட்டது. அப்போது மிஸஸ் வேர்ல்டு பட்டத்தில் இருந்தவர் இலங்கையின் கரோலின் ஜூரி. அவர் மேடைக்கு வந்து, விவாகரத்தானவருக்கு இந்தப் பட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டு, எல்லோர் முன்னாலும் அந்தக் கிரீடத்தைக் கழற்றி இரண்டாவதாக வந்தவர் தலையில் வைத்தார். புஷ்பிகா கண்ணீரோடு மேடையை விட்டு இறங்கினார். தலையில் காயம் என்று மருத்துவமனைக்கும் போனார். அவர் சொன்னது, “பிரிந்து வாழ்கிறேன், ஆனால் விவாகரத்தாகவில்லை” என்பது. நடத்தியவர்கள் அதை ஏற்று மன்னிப்புக் கேட்டுக் கிரீடத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஜூரி கைதாகி ஜாமீனில் வந்தார். பிறகு தன் உலகப் பட்டத்தையே விட்டுக்கொடுத்தார், அது அயர்லாந்தின் கேட் ஷ்னைடருக்குப் போனது.

அந்த வீடியோவை எங்கள் வீட்டில் பார்த்தபோது கிரீடத்தைக் கழற்ற எவ்வளவு நேரமாகிறது என்பதுதான் எனக்கு உறுத்தியது. ஊசியும் கிளிப்புமாகக் கூந்தலில் மாட்டியிருக்கிறது. ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியிருக்கிறது. யாரும் போய்த் தடுக்கவில்லை. ஒரு பெண்ணின் மணவாழ்க்கையை இன்னொரு பெண் மேடையில் வைத்து விசாரிக்க இடம் கொடுக்கிற விதி நல்ல விதிதானா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு. திருமதி என்று பெயர் வைத்தவர்கள் அதற்கு விளக்கமும் சரியாக எழுதிவைத்திருக்க வேண்டும்.

வயது, உயரம், எடை எல்லாம் பார்ப்பார்களா? பிரசவத் தழும்பு இருக்கிறதே?

உயரத்துக்குப் பல போட்டிகளில் வரம்பு இல்லை. நான் ஐந்தடி ஓர் அங்குலம். நாற்பதைத் தாண்டியவர்களுக்குத் தனியாக ‘கிளாசிக்’ என்ற பிரிவை நிறையப் போட்டிகளில் வைத்திருக்கிறார்கள், எங்கள் போட்டியில் 61 வயதுப் பாட்டி ஒருவர் எல்லோரையும்விட நன்றாக நடந்தார். எடை மெஷின் எதுவும் வைக்கவில்லை. உடைக்கு அளவு கேட்டார்கள், அவ்வளவுதான்.

தழும்பைப் பொறுத்தவரை, உடை மாற்றும் அறையைப் பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் வயிற்றில் சிசேரியன் கோடு. யாருக்கு எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை தையல் என்பதுதான் பேச்சே. நீச்சலுடைச் சுற்று இருக்கிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், விருப்பமில்லை என்றால் அது இல்லாத போட்டிக்குப் போங்கள். அங்கே போய் அழக் கூடாது.

எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. கேள்வி பதில் சுற்றில் என்ன செய்வது?

பதிலைத் தமிழில் சொல்ல அனுமதி உண்டா என்று கேளுங்கள். சர்வதேச மேடைகளிலேயே மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பதில் சொல்கிறார்கள். நான் போன போட்டியில் இந்தி, ஆங்கிலம் இரண்டில் ஒன்று என்றார்கள். நான் ஆங்கிலத்தில், சின்னச் சின்ன வாக்கியங்களாக, வகுப்பெடுக்கிற மாதிரி மெதுவாகச் சொன்னேன்.

எனக்கு வந்த கேள்வி: “உங்கள் வாழ்க்கையில் நீங்கள் செய்த சமரசம் எது?” குடும்பத்துக்காக வேலையை விட்டேன் என்று உருக்கமாக ஒரு பதிலை, மேடை நடையும் பேச்சும் பழக்குகிற க்ரூமிங் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. “வீட்டில் டியூஷன் நடப்பதால் பதினைந்து வருடமாக எங்கள் ஹாலில் சோபா கிடையாது, எல்லாம் பெஞ்சுதான்” என்றேன். நடுவர்கள் சிரித்தார்கள். கடைசி 15-ல் வந்தது அந்த சோபாவால்தான் என்று என் அறைத்தோழி இன்றும் சொல்கிறார். பெண்கள் முன்னேற்றம், உலக அமைதி என்று ஆரம்பிப்பவர்களை நடுவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பாரம்பரிய உடைச் சுற்றுக்குக் காஞ்சிபுரம் பட்டுதானே?

தமிழ்நாட்டிலிருந்து போகிற எல்லோரும் அதைத்தான் கட்டுகிறார்கள், அழகுதான். ஆனால் நல்ல சரிகைப் பட்டு கனமானது. பெட்டிக்கும் கனம், தோளுக்கும் கனம். நான் பிறந்த வீடு காரைக்குடி. அதனால் கண்டாங்கி எடுத்துப்போனேன். அரக்கும் கடுகு மஞ்சளுமாகக் கட்டம் போட்ட பருத்திச் சேலை. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியது. அதைச் சாதாரணமாகக் கட்டாமல் எங்கள் ஆத்தா கட்டுகிற மாதிரி பின்கொசுவம் வைத்துக் கட்டினேன். முன்பக்கம் மடிப்பே இல்லாமல், கொசுவம் முதுகுப்புறம் விசிறி மாதிரி விரியும். கணுக்கால் தெரியும் என்பதால் தண்டை போட்டுக்கொண்டேன். வெறுங்காலோடு நடந்தேன்.

அந்தக் கட்டில் ஒரு வசதி உண்டு, கால் தடுக்காது. வயலிலும் களத்திலும் வேலை செய்தவர்கள் கட்டிய கட்டு அல்லவா. பட்டுச் சேலையோடு நாலு அங்குல ஹீல்ஸில் தத்தளித்தவர்களுக்கு நடுவில் நான் மட்டும் வீசி நடந்தேன். உங்கள் ஊரில் என்ன நெய்கிறார்கள் என்று பாருங்கள். சுங்குடியோ, சின்னாளபட்டியோ, கூறைநாட்டுப் பட்டோ. அதைப் பற்றி இரண்டு வரி பேசவும் தெரிந்திருக்க வேண்டும், கட்டாயம் கேட்பார்கள்.

பட்டுதான் என்று முடிவு செய்தால், ஊரிலேயே ப்ரீ ப்ளீட்டிங் செய்பவரிடம் கொடுத்து மடிப்பெடுத்து, இஸ்திரி போட்டு, பெட்டியாக மடித்து வாங்கிவிடுங்கள். அங்கே ஐந்து நிமிடத்தில் சுற்றிக்கொள்ளலாம்.

பெட்டியில் வேறு என்ன வைக்க வேண்டும்?

உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோதான் இலவசம். அதற்கு மேல் கிலோவுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும், முன்பே ஆன்லைனில் வாங்கினால் கொஞ்சம் மலிவு. உடையை விட்டுவிட்டு எனக்கு நிஜமாகக் கைகொடுத்ததைச் சொல்கிறேன்: விதவிதமான ஊக்கு ஓர் அட்டை, இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப், ஊசி நூல், குதிகாலுக்குப் பிளாஸ்டர், மாத்திரைகள், பருப்புப்பொடி. கடைசியில் சொன்னது விளையாட்டில்லை. ஒத்திகை முடிந்து இரவு பதினோரு மணிக்கு வரும்போது சாப்பாட்டுக் கூடத்தில் ரொட்டியும் பனீரும் ஆறிப்போய் இருக்கும். வெறும் சோறு மட்டும் வாங்கிவந்து பொடி போட்டுப் பிசைந்தோம். மூன்றாம் நாள் எங்கள் அறையில் ஏழு பேர் சாப்பிட்டார்கள்.

கத்தரியைக் கைப்பையில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள்.

ஹீல்ஸில் நடந்தே பழக்கமில்லை.

ஒரு மாதம் வீட்டில் போட்டுக்கொண்டு பாத்திரம் தேய்த்தேன். வேறு வழியே கிடையாது. முதலில் குதிகால், அப்புறம் விரல், பார்வை நேரே. புது ஹீல்ஸின் அடிப்பாகத்தை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கிவிடுங்கள், பளபளத் தரையில் வழுக்காது. மெல்லிய குச்சிக் குதிகாலைவிடக் கொஞ்சம் அகலமானது உத்தமம். ஒத்திகை எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டியிருக்கும், நடுவில் கழற்றிப் போட ஒரு ரப்பர் செருப்பு வேண்டும்.

எவ்வளவு செலவாகும்? இதெல்லாம் ஏமாற்று வேலை என்கிறார்களே?

எல்லாமே ஏமாற்று இல்லை. ஆனால் இது வியாபாரம், அதில் சந்தேகமே வேண்டாம். வருகிற பெண்கள் கட்டுகிற கட்டணத்தில்தான் பல போட்டிகள் ஓடுகின்றன.

எனக்குப் போட்டிக் கட்டணம், பயணம், உடை, ஹீல்ஸ் எல்லாம் சேர்த்து 1 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய் ஆனது. இரண்டு வருடம் கட்டிய சீட்டை எடுத்துப் போட்டேன். ஆடிஷனுக்குச் சின்னத் தொகை வாங்கினார்கள். ‘நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்’ என்று வாழ்த்துச் செய்தி வந்த மறுநிமிடம் பெரிய தொகைக்கு பில் வந்தது. என்னோடு ஆடிஷன் வந்த யாரும் தேர்வாகாமல் போனதாக நான் கேள்விப்படவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், சந்தோஷத்தில் உறைக்கவில்லை.

மேக்கப் அவர்கள் பொறுப்பு என்று சொல்லியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் பன்னிரண்டு பேருக்கு ஒரு மேக்கப்காரர். எனக்கு முறை வந்தபோது மேடைக்கு ஏழு நிமிடம் இருந்தது. என் நிறத்துக்கு அவரிடம் ஃபவுண்டேஷனே இல்லை. பூசிவிட்டதில் முகம் சாம்பலாகவும் கழுத்து மாநிறமாகவும் இருந்தது. கழுவிவிட்டு நானே மை தீட்டிப் பொட்டு வைத்துக்கொண்டு போனேன். உங்கள் நிறத்துக்கான ஃபவுண்டேஷனை நீங்களே கொண்டுபோங்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை சில உண்டு. கட்டணத்தில் அறையும் சாப்பாடும் அடக்கமா, ஜி.எஸ்.டி. சேர்த்தா, போக முடியாமல் போனால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், உங்கள் போட்டோவை அவர்கள் எத்தனை காலம் விளம்பரத்துக்குப் போடலாம். ஜெயித்தால் வெளிநாட்டுப் போட்டிக்குப் போகிற செலவு யாருடையது என்பதையும் கேளுங்கள், பலர் ஜெயித்த பிறகுதான் இதைக் கேட்கிறார்கள். ‘இத்தனை லட்சம் மதிப்புள்ள பரிசு’ என்றால் ரொக்கமா, அழகு நிலையக் கூப்பனா? பிறகு, மக்கள் வாக்கு என்று ஒன்று. ஒரு வாக்குக்கு இவ்வளவு ரூபாய் என்று வசூலிப்பார்கள். சொந்தக்காரர்களிடம் போய் அதற்குக் கை நீட்டாதீர்கள்.

துணைப் பட்டங்களும் ஏராளம். அழகிய புன்னகை, அழகிய கூந்தல் என்று. எங்கள் போட்டியில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஏதோ ஒன்று கிடைத்தது. எனக்கு ‘அறிவுச்சுடர்’ மாதிரி ஒன்று. டியூஷன் டீச்சர் என்று தெரிந்துகொண்டு கொடுத்திருப்பார்கள்.

மாமியார் வீட்டில் எப்படிச் சொன்னீர்கள்?

வீட்டுக்காரர் முதல் நாளே சரி என்றுவிட்டார். மாமியார் ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள், “அங்க என்ன துணி போடச் சொல்லுவாங்க?” என்று கேட்டார். கவுன் படத்தைக் காட்டினேன். கை இல்லாமல் இருந்தது. “கை வச்சுத் தைக்கச் சொல்லு” என்றார். தைத்தேன். அது சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன், அவர் இன்றுவரை சம்மதித்ததாகச் சொன்னதில்லை. ‘இந்த வயசுல இது தேவையா’ என்று கேட்டவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள்தான். பெரியவர்கள் துணியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டார்கள்.

கணவரைக் கூட அழைத்துப் போகலாமா?

இறுதி நாளுக்கு மட்டும் வரலாம், டிக்கெட் வாங்க வேண்டும். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குப் பரீட்சை என்பதால் அவர் வரவில்லை. வந்த கணவர்கள் பலர் கடைசி வரிசையில் குழந்தையை மடியில் போட்டுத் தூங்கவைத்துக்கொண்டிருந்தார்கள்.

போட்டியாளர்களுக்குள் பொறாமை, சண்டை?

உண்டு. சார்ஜரைக் காணோம், கண்ணாடி முன்னால் இடம் இல்லை என்கிற அளவில். சீரியலில் வருகிற மாதிரி கவுனைக் கிழிப்பதெல்லாம் நான் பார்க்கவில்லை.

ஜெயிக்காமல் ஊருக்குத் திரும்புவது கஷ்டமாக இருந்ததா?

மேடையில் 15 பேரிலிருந்து ஐந்து பேரைக் கூப்பிடும்போது கஷ்டமாக இருந்தது. என் பெயர் வராது என்று தெரியும், ஆனாலும் நாலாவது பெயர் ‘த’ என்று ஆரம்பித்ததும் ஒரு காலை முன்னால் வைத்துவிட்டேன். அது தமன்னா என்று ஒரு டெல்லிப் பெண். அந்த ஒரு காலை யாருக்கும் தெரியாமல் பின்னால் எடுத்ததுதான் அன்றைக்கு நான் நடந்ததிலேயே கஷ்டமான நடை.

இரவு அறையில் கொஞ்சம் அழுதோம். குவாஹாட்டிக்காரருக்கு மூன்றாம் இடம் கிடைத்திருந்தது, எனக்குத் துணையாக அவரும் அழுதார். மறுநாள் விமானம். அதற்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு பிளஸ் டூ பேட்ச் இருந்தது. பிள்ளைகள் கேக் வாங்கி வைத்திருந்தார்கள், கரும்பலகையில் ‘வெல்கம் மிஸ் மிஸஸ்’ என்று எழுதியிருந்தார்கள். கேக்கை வெட்டிவிட்டு மோல் கணக்கு எடுத்தேன்.

சாஷ் எங்கே என்று கேட்பீர்கள். துணி பீரோவில்தான் இருந்தது. போன கொலுவுக்கு மாமியார் அதை எடுத்து, மரப்பாச்சிக்கு மேல்துண்டு மாதிரி குறுக்கே சுற்றிவைத்துவிட்டார். பார்க்க வந்தவர்களில் இரண்டு பேர், “என்னங்க, திருச்சியத் தப்பா எழுதியிருக்கே” என்றார்கள்.